நிற்கிற வண்டியில் பேட்டரி எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை நன்றாக ஓடி வந்து நின்ற வண்டி. திங்கள் காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், மெரிபேங்க் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிட்டி கோல்ஃப் காரும் நிஸான் 1400 பேக்கியும் (சிறு பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சத்தம்தான் இது. உடனே புது பேட்டரி வாங்கிப் போடுகிறோம். கொஞ்ச நாள் ஓடும். பிறகு மறுபடியும் அதே 'டக்'.

பின்பெட்டி மூடியபிறகும் அணையாத ஒரு 5 வாட் பல்பு சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை 60 மணி நேரம் என்றால் 24 ஆம்பியர்-அவர். உங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் போய்விட்டது. புது பேட்டரியும் இதே வேகத்தில்தான் வடியும்.

அதனால் கடைக்குப் போகுமுன் வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரை எடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அது வரவில்லை என்றால் கோளாறு சார்ஜ் ஏறுவதில். கசிவை, அதாவது நிற்கிற வண்டியில் மின்சாரம் வடியும் வழியை, தேடி அலைய வேண்டாம்.

சார்ஜ் சரி என்றால் கசிவை அளக்கலாம். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். கதவைத் திறந்தே வைத்து, அதன் சுவிட்சை டேப் ஒட்டி அமுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் உள்விளக்கின் மின்னோட்டத்தைக் கசிவு என்று நினைத்து ஏமாறுவீர்கள். மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில், கறுப்பு காமன் துளையில். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரைச் சேருங்கள். இந்த நிலையில் மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஹெட்லைட் போடாதீர்கள்: மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும்.

இணைத்தவுடன் எண் கூடுதலாகத்தான் இருக்கும். அலாரம் இருந்தால் அது உறங்க அரை மணி நேரம் கொடுங்கள். அதன்பின் 50 மில்லியாம்பியருக்குள் நின்றால் கவலையில்லை. கடிகாரமும் ரேடியோ நினைவும் மட்டும் உள்ள வண்டியில் அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். 300, 400 என்று நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் சட்டென்று விழுகிறதோ, கசிவு அந்த வழியில். அங்கே அணையாமல் ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருக்கலாம். விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும்.

எல்லா ஃபியூஸும் வெளியே வந்தபிறகும் எண் இறங்கவில்லையா? இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். ஃபியூஸ் பெட்டிக்குப் போகாத வயர்களும் உண்டு. முதல் சந்தேகம், வண்டி வாங்கியபிறகு பொருத்தியவை மேல்: இமொபிலைசர், டிராக்கர், அலாரம். திருட்டுக்குப் பயந்து நம் ஊரில் இவை இல்லாத வண்டி அபூர்வம், ஆனால் பல இணைப்புகள் வெறும் முறுக்கும் டேப்பும்தான். ரேடியோவையும் பாருங்கள். சாவியோடு அணைய வேண்டிய சிவப்பு வயரை, எப்போதும் மின்சாரம் உள்ள மஞ்சளோடு சேர்த்து முறுக்கியிருந்தால் ரேடியோ உறங்கவே உறங்காது.

அடுத்தது, இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர். உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று பழுதானால், பேட்டரி மின்சாரம் அதன் வழியே திரும்ப ஓடும். நெகட்டிவ் கேபிளை முழுதாக விலக்கிவிட்டு, ஆல்டர்நேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி மறுபடி அளங்கள். எண் விழுந்தால் திருடன் அகப்பட்டான்.

கடலோரக்காரர்களுக்கு இன்னொன்று. பேட்டரியின் மேல்மூடியில் படியும் உப்பும் அழுக்கும் ஈரமானால் மின்சாரத்தைக் கடத்தும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை நெகட்டிவிலும் சிவப்பை பிளாஸ்டிக் மூடி மேலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலும் மூடியில் கசிகிறது என்று அர்த்தம். பேக்கிங் சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். செல் மூடிகளுக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது.

அப்படி வோல்ட் அளக்குமுன், சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றியாயிற்றா என்று பாருங்கள். மறந்துபோய் பேட்டரியின் இரு முனைகளில் வைத்தால் நேரடி ஷார்ட். தீப்பொறி கையருகிலேயே பறக்கும்.