சிப்ஸுக்கு ஒரு ஹெல்மெட்

நடுவர் அவர்களே, கோயில் கொடை பார்க்க வந்த சொந்தங்களே, வணக்கம். சொந்த விமானம் ஓட்டுகிறவருக்குப் பாதுகாப்புக் கருவி கட்டாயமா என்பது தலைப்பு. எதிரணித் தம்பி என்ன கேட்டார்? "அவன் விமானம், அவன் உயிர், சட்டத்துக்கு என்ன வேலை? சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியாத அண்ணாச்சி விமானம் பேச வந்துட்டார்!"

உண்மைதான் தம்பி, தெரியாது. அதனால்தான் கடையில் கொடுத்து அடிக்கிறேன். எல்லாம் தெரியும் என்கிறவன்தான் காத்துப்போன டயரோடு ஏறுவான்.

என் மச்சினன் அந்த ரகம். செங்கோட்டையில் இருந்து புனலூருக்கு பைக்கில் போவான். ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கும். கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட் தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி, தலையில் மாட்டி, வாரையும் இழுத்துப் போடுவான். எல்லைக்கு அந்தப் பக்கம் கேமரா! இங்கேயும் சட்டம் உண்டு, இவனைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. திரும்பும்போது அதே இடத்தில் கழற்றுவான். கழற்றி? உள்ளே நேந்திரங்காய் சிப்ஸை வைத்துக் கட்டுவான்! பெண்டாட்டி கேட்டாள், "ஏங்க, உங்க தலை கேரளாவுல மட்டும்தான் உடையுமா?" அவன் சொன்னான், "அங்க பிடிச்சா 500 ரூவா அபராதம்டி." ஆனால் நடுவர் அவர்களே, சிப்ஸ் வீடு வந்து சேர்ந்தது, ஒரு துண்டு நொறுங்கவில்லை!

சரி, 'அவன் உயிர்' என்றீர்களே. 2019-இல் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்த சின்ன விமானத்தில் இருந்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலா விமானியா? பயணி. அவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாத விஷம். அது கசிந்தால் கத்திச் சொல்லும் கருவி அந்த விமானத்தில் இல்லை.

அப்புறம் இன்னொன்று. 1967 மார்ச்சில் கலிபோர்னியாவில் பனிமலையில் ஒரு சின்ன விமானம் விழுந்தது. உள்ளே கணவன், மனைவி, பள்ளிக்கூட வயசில் ஒரு மகள். மூன்று பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். விமானம் ஓட்டிய கணவன் உதவி தேடி இறங்கிப்போனார், திரும்பவில்லை. தாயும் மகளும் உடைந்த விமானத்துக்குள் 50 நாளுக்கு மேல் காத்திருந்தார்கள். தேடினவர்களுக்கு இடம் தெரியவில்லை. விழுந்ததும் தானாக அபயக்குரல் அனுப்பும் பெட்டி அதில் இல்லை. 1970-இல்தான் அமெரிக்கா அதற்குச் சட்டம் போட்டது. அக்டோபரில் ஒரு வேட்டைக்காரர் கண்டபோது மிச்சம் இருந்தது, நாள் நாளாக எழுதிவைத்த குறிப்புகள். தம்பி, அதை எழுதியது விமானி இல்லை.

எனக்கும் அந்த வயசில் ஒரு மகள், அதோ முன்வரிசையில் சிப்ஸ் தின்றுகொண்டிருக்கிறாள். மணியை அடிக்க வேண்டாம் நடுவர் அவர்களே, நானே உட்கார்ந்துகொள்கிறேன்.