சனிக்கிழமை ராத்திரிக் கார்கள்

(அமெரிக்காவின் வட கரோலினாவில் சார்லட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் 2026 ஜனவரியில் நடத்திய பொங்கல் விழாவில் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால் எழுதியிருக்கிறேன். மைக் இரண்டு முறை நின்றுபோனதை மட்டும் விட்டுவிட்டேன்.)

விழாத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கு ஏற்றி வைத்த மருத்துவர் அம்மா அவர்களே, காலை நாலு மணிக்கு எழுந்து இத்தனை பேருக்கும் பொங்கல் கிண்டிய அடுக்களைக் குழுவினரே, எனக்கு முன்னால் பரதம் ஆடிவிட்டு இன்னும் சலங்கை கழற்றாமல் மேடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருஷம் பொருளாளரை விட்டுவிட்டேன், இன்று வரைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆகவே பொருளாளர் அவர்களே, உங்களுக்கு இரண்டு வணக்கம்.

முன்வரிசையில் பட்டு வேட்டியில் அமர்ந்திருக்கும் நம் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகக் கமிஷனர் அவர்களுக்குத் தனி வணக்கம். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருக்கும் தம்பி காதோரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தம்பி, நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம், கடைசியில் அவரிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

நாஸ்கார் என்கிற கார்ப் பந்தயத்தின் பொருளாதாரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பணம், கூட்டம், கார் என்று மூன்று பகுதியாகப் பிரித்து வந்திருக்கிறேன். இருபது நிமிஷம் கொடுத்தார்கள். வணக்கம் சொன்னதிலேயே நாலு போய்விட்டது.

எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், ஒரு பழமொழி சொல்வார்: பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்டுடாதே. எதற்கெடுத்தாலும் அதுதான். எனக்குப் பொண்ணு பார்த்தபோதுகூட அதையே சொன்னார். நாஸ்காரின் கடைசி இருபத்தைந்து வருஷக் கதையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நானும் அதையே சொல்வேன்.

முதலில் இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? நம் ஊர்ப் பக்கம் கள்ளச்சாராயம் எப்படிச் சைக்கிள் ட்யூபில் போனதோ, அப்படி இந்தக் கரோலினா மலைப்பக்கத்தில் ஃபோர்டு காரில் போனது. போலீஸுக்குப் பிடிகொடுக்காமல் ராத்திரியில் மலைப்பாதையில் ஓட்ட வேண்டும். வெளியில் பார்த்தால் சாதாரணக் கார், உள்ளே என்ஜின் வேறே. அந்த ஓட்டுநர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியுமா? யார் கார் வேகம் என்று வயலில் வட்டம் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். 1947 டிசம்பரில் டேடோனா பீச்சில் ஒரு ஓட்டல் மாடியில் பில் பிரான்ஸ் என்பவர் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தார். 1948 பிப்ரவரியில் நாஸ்கார் பிறந்தது. ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் இருப்பில் உள்ள கார். கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்ட வேண்டும், அதுதான் விதி.

அந்த விதிப்படி நடந்த முதல் பந்தயம் எங்கே தெரியுமா? இதே சார்லட்டில். 1949 ஜூன் 19. முக்கால் மைல் மண் தடம். கான்சஸிலிருந்து ஜிம் ரோப்பர் என்று ஒருவர் வந்தார். பந்தயச் செய்தியை அவர் எங்கே பார்த்தார் என்கிறீர்கள்? பேப்பரில் வரும் சித்திரக்கதையில்! அதைப் பார்த்துவிட்டு லிங்கன் காரை எடுத்துக்கொண்டு ஆயிரம் மைல் ஓட்டிக்கொண்டு வந்து, அதே காரைப் பந்தயத்தில் விட்டார். இன்னொருவர் லீ பெட்டி. இவர் பியூக் காரில் வந்தார். நடுப் பந்தயத்தில் கார் உருண்டுபோய்க் கிடக்கிறது. இனி வீட்டுக்குப் போக என்ன வழி? அடிபட்டதைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்திருக்கும். கூடவே கூட்டிவந்திருந்த சின்னப் பையன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பையன்தான் பிற்பாடு 200 பந்தயம் ஜெயித்த ரிச்சர்ட் பெட்டி. சாரா கிறிஸ்டியன் என்று ஒரு பெண்ணும் ஓட்டினார். அம்மாக்கள் கை தட்டலாம்.

(கை தட்டினார்கள். கமிஷனரும் தட்டினார். தம்பி பின்னால்தான் காரணம் சொன்னார்.)

யார் ஜெயித்தது? கிளென் டனவே. ரோப்பரைவிட மூன்று சுற்று முன்னால். 1947 மாடல் ஃபோர்டு. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. ஆனால் சோதனை போடுகிறவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பின்பக்க ஸ்பிரிங்கில் கை வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கை ஏன் கெட்டியாக்குவார்கள்? டிக்கியில் சாராயத்தை நிரப்பினால் பின்பக்கம் தாழ்ந்துவிடும், போலீஸ்காரன் பார்த்தவுடன் பிடித்துவிடுவான். தாழாமல் இருக்கத்தான். அதே ஸ்பிரிங் வளைவில் காரை நிலையாகப் பிடித்து நிறுத்தும். வாரநாளில் சரக்கு, ஞாயிற்றுக்கிழமை பந்தயம், இரண்டுக்கும் ஒரே கார்! பரிசு போயிற்று. கான்சஸ்காரர் 2000 டாலரை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். காரின் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார். விதி போட நாஸ்காருக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டார் நீதிபதி.

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன்? சொல்ல எனக்குப் பிடிக்கும், அது ஒன்று. இன்னொன்று, விதி போடுகிற கை அன்றிலிருந்து ஒரே குடும்பத்தின் கைதான். அப்பா, மகன், பேரன், இப்போது இளைய மகன். நிறையத் தடங்களும் அவர்களுடையவை. ஆட்டமும் அவர்களுடையது, ஆடுகளமும் அவர்களுடையது.

இப்போது பணத்துக்கு வருவோம். 1971இலிருந்து டிவியில் சிகரெட் விளம்பரம் கூடாது என்று சட்டம் வந்தது. சிகரெட் கம்பெனி கையில் பணம், செலவழிக்க இடமில்லை. வின்ஸ்டன் சிகரெட் பெயரிலேயே நாஸ்கார் கோப்பை வந்தது, வின்ஸ்டன் கப் என்று. 2003 வரை அதே பெயர். 1979 பிப்ரவரியில் டேடோனா 500 என்கிற 500 மைல் பந்தயத்தை முதல் தடவையாகத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். கிழக்குப் பக்கம் முழுக்கப் பனி, ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே போக முடியவில்லை. கடைசிச் சுற்றில் முதல் இரண்டு காரும் மோதி, ஓட்டுநர்கள் புல்தரையில் இறங்கி அடித்துக்கொண்டார்கள். ஜெயித்தது ரிச்சர்ட் பெட்டி, நாடு பார்த்தது அடிதடி. அதற்குப் பிறகு ஏற்றம்தான்.

உச்சம் 2005, 2006 வாக்கில். 2006இல் டேடோனா 500ஐ டிவியில் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 94 லட்சம். 2025இல் சுமார் 68 லட்சம். மூன்றில் ஒரு பங்கு! ஆனால் டிவி ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2001இல் ஆறு வருஷத்துக்கு 240 கோடி டாலர். 2015இல் பத்து வருஷத்துக்கு 820 கோடி. 2025இல் ஏழு வருஷத்துக்கு 770 கோடி. பார்க்கிறவன் குறையக் குறைய, வருஷக் கணக்கில் பணம் கூடுகிறது. நாடகத்தையும் செய்தியையும் அவரவர் தோதுப்பட்ட நேரத்தில் பார்க்கலாம், விளையாட்டை அப்போதே பார்த்தாக வேண்டும். அதனால் மிச்சமிருக்கிற கூட்டத்துக்கே அந்த விலை. கல்லாவில் பணம் வந்துகொண்டிருந்ததால் காலரி காலியாவது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தப் பணமும் எப்படிப் பிரிந்தது? பழைய ஒப்பந்தத்தில் நூறு ரூபாயில் 65 தடத்துக்கு, 10 நாஸ்காருக்கு, காரை ஓட்டுகிற அணிகளுக்கு 25. அணிக்காரர் காரின் பக்கவாட்டை விளம்பரத்துக்கு விற்றுத்தான் பிழைக்க வேண்டும். 2008இல் வீட்டுக்கடன் நெருக்கடி வந்தது, விளம்பரக்காரன் கையை மூடிக்கொண்டான். டென்வரில் ஃபர்னிச்சர் ரோ என்று ஒரு அணி, 2017இல் சாம்பியன். 2018 முடிவில் விளம்பரதாரர் கிடைக்காமல் கடையை மூடிவிட்டது. அந்தக் கோப்பை எந்த அலமாரியில் இருக்கிறதோ! கூடைப்பந்து மைக்கேல் ஜோர்டானின் அணியும் இன்னொரு அணியும் நாஸ்கார் மேல் போட்ட வழக்கு போன மாசம் நம் ஊர்க் கோர்ட்டில்தான் விசாரணைக்கு வந்து, நடுவிலேயே சமரசமானது. அணிகளின் சார்ட்டர், அதாவது பந்தயத்தில் நிச்சய இடம் தரும் உரிமம், நிரந்தரம் என்றாகியிருக்கிறது. இன்னும் விரிவாகச் சொல்லலாம், தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

கூட்டம் ஏன் போனது? ஹாலிவுட் பக்கம், சிகாகோ பக்கம் புது ரசிகன் இருக்கிறான் என்று போனார்கள். 1996இல் நார்த் வில்க்ஸ்போரோ தடத்தை மூடி அதன் பந்தயங்களை நியூ ஹாம்ப்ஷயருக்கும் டெக்ஸஸுக்கும் கொண்டுபோனார்கள். 2004இல் டார்லிங்டனின் தொழிலாளர் தினப் பந்தயத்தைக் கலிபோர்னியாவுக்கு மாற்றினார்கள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அந்த வாரம் அங்கே கூடாரம் போட்டவன் எங்கே போவான்? 2015இல் திரும்ப டார்லிங்டனுக்கே வந்தார்கள். அந்தக் கலிபோர்னியாத் தடத்தை இப்போது இடித்தாயிற்று. டேடோனாவில் 40 கோடி டாலர் செலவில் புதுப்பித்தார்கள், 146,000 நாற்காலியை 101,500 ஆக்கினார்கள். ஆள் வராத நாற்காலியைக் கழற்றுவதற்கும் செலவு! அமுச்சி சொன்னதுதான். பறக்கிறதுக்கு ஆசைப்பட்டார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நான் முதல் தடவை போனபோது கூடாரத்துக்குக் கூடாரம் பழைய அடிமைக்காலக் கொடி. என் மனைவி காரைத் திருப்பச் சொன்னாள். திருப்பிவிட்டேன். 2020இல் அந்தக் கொடியைத் தடைசெய்தார்கள், அது நல்ல காரியம். அதனால்தான் கூட்டம் போயிற்று என்கிறவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். கூட்டம் அதற்குப் பத்து வருஷம் முந்தியே போக ஆரம்பித்துவிட்டது.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயத்தில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ஓட்டத்தில் 13ஆவது இடம். வருஷக் கடைசியில் ரசிகர்கள் ஓட்டுப்போட்டு மிகப் பிரபலமான ஓட்டுநர் யார் என்று தேர்ந்தெடுத்தார்கள். நரேன்தான்! ஓட்டு எங்கிருந்து குவிந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, கார். இதற்கு நேரமில்லை. ஒன்று மட்டும். நான் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறையில் கை பழகியவன். மூர்ஸ்வில் பக்கம் காரின் அடிச்சட்டம் செய்யும் ஒரு சேஸிஸ் பட்டறையில், பெயர் வேண்டாம், பதினோரு வருஷம் வேலை. குழாயை நாங்களே வளைத்து, நாங்களே வெல்டு வைத்து ஒரு சட்டத்தை எழுப்புவோம். 2022இலிருந்து நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயத்தில் எல்லா அணிக்கும் ஒரே மாதிரிக் கார், பெரும்பாலான பாகங்கள் ஒவ்வொன்றும் அதற்கென்று குறிப்பிட்ட ஒரே கம்பெனியிலிருந்து. செலவு குறைக்க என்றார்கள். என் செலவு குறைந்தது, வேலையே போய்விட்டதே! முன்பு சக்கரத்துக்கு ஐந்து நட். சக்கரத்திலேயே பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். நட் முடுக்கும் காற்றுத் துப்பாக்கியை வைத்தால் டர்ர், டர்ர், டர்ர், டர்ர், டர்ர் என்று ஐந்து சத்தம் எண்ணலாம். இப்போது நடுவில் ஒரே நட், ஒரே டர்ர். பழைய மாதிரிக் கார்களை இப்போது பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை ராத்திரித் தடத்துக்குப் போகலாம்.

நான் பேச வந்ததே அதைத்தான். நம் வீடுகளிலிருந்து நாற்பது நிமிஷத் தூரத்தில் ஒரு சின்னத் தடம் இருக்கிறது. வாரநாளில் குழாய் ரிப்பேர் செய்கிறவர் சனிக்கிழமை அங்கே கார் ஓட்டுகிறார். கதவில் எண் பெயின்ட் இல்லை, கறுப்பு டேப்பில் ஒட்டியது. பந்தயம் முடிந்ததும் பிள்ளைகள் தடத்துக்குள் இறங்கலாம். என் பேத்தி சூடாக உருண்டு கிடந்த டயர்த் துணுக்கைப் பொறுக்கிக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு வந்தாள். இன்னும் வைத்திருக்கிறாள், வீடெல்லாம் ரப்பர் வாசம்.

அந்த இடத்தை வீட்டுமனையாக மாற்ற மனு போட்டிருக்கிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்று கையெழுத்து வேட்டையும் நடக்கிறது. அந்தக் கையெழுத்துப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். சுப்பிரமணியன்களும் கார்த்திக்குகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள். வீடு வாங்கும்போது தடம் அங்கேதானே இருந்தது? கோயில் பக்கத்தில் குடிவந்துவிட்டு மணியடிக்காதே என்று நாம் சொல்வோமா?

கமிஷனர் ஐயா, உங்களுக்குத்தான் சொல்கிறேன், தம்பி, நன்றாகச் சொல்லுங்கள். வின்ஸ்டன்-சேலத்தில் போமன் கிரே மைதானம் நகராட்சிச் சொத்து. 1949இலிருந்து அங்கே நாஸ்கார் பந்தயம் ஓடுகிறது. கால்மைல் தடம், நடுவில் கல்லூரிப் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். ஊருக்குச் சொந்தமாக இருப்பதால் மனைக்காரன் பார்வை அங்கே செல்லாது. லாஸ் ஏஞ்சலஸ் மைதானத்துக்குள் மூன்று வருஷம் தார் போட்டு ஓட்டிப் பார்த்த நாஸ்கார், 2025 பிப்ரவரியில் அந்தப் பந்தயத்தை எங்கே கொண்டுவந்தது? அதே போமன் கிரேக்கு. புல் முளைத்துக் கிடந்த நார்த் வில்க்ஸ்போரோவுக்கு அரசாங்கம் 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது, 2023இல் நாஸ்காரின் முதல்நிலைக் கார்கள் அங்கே மறுபடி ஓடின. இருபத்தேழு வருஷம் கழித்து அவ்வளவு பணம் கொட்டுவதைவிட, மூடாமல் இருப்பது மலிவு. நம் தடத்தைக் கவுண்டி வாங்கட்டும், இல்லாவிட்டால் அந்த மனை மாற்றத்தையாவது நிறுத்தி வையுங்கள்.

(இந்த இடத்தில் கமிஷனர் எழுந்து கும்பிட்டார். சம்மதமா, சும்மா கும்பிட்டாரா தெரியவில்லை. தம்பிக்கும் தெரியவில்லை.)

மனை மாற்ற மனு மேல் விசாரணை அடுத்த மாதம். வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மேஜையில் தாள் வைத்திருக்கிறேன். முந்தின தாளில் கையெழுத்துப் போட்டவர்களும் இதில் போடலாம், யார் என்று கேட்கமாட்டேன். மார்ச்சில் பந்தயம் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து போவோம், பஸ் பேசியிருக்கிறேன். குழந்தைகளுக்குக் காதில் வைக்கப் பஞ்சு போதாது, நல்ல காதடைப்பான் வாங்குங்கள். புளியோதரை நான் கொண்டு வருகிறேன். பொருளாளர் அவர்களே, பஸ் வாடகைக்கு முன்பணம் திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும்.