முதல் புள்ளி எங்கே வந்தது?

(தாய்மார்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் கூட்டத்தில் ஒரு குழந்தை நல மருத்துவர் பேசியது)

தாய்மார்களே, அங்கன்வாடி அக்காமார்களே, வணக்கம்.

பிள்ளை உடம்பில் நாலு புள்ளி தெரிந்ததும் "அம்மை போட்டிருக்கு" என்று வாசலில் வேப்பிலை செருகுகிறோம். வெளியாட்களை வீட்டுக்குள் விடாத நல்ல வழக்கம் அது. ஆனால் அது எந்த அம்மை, அம்மைதானா என்று பார்க்க வேண்டாமா?

நான் முதலில் கேட்பது, முதல் புள்ளி எங்கே வந்தது என்றுதான். தட்டம்மை என்றால் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண்சிவப்பு எல்லாம் மூன்று நான்கு நாள் முன்னாலேயே வந்துவிடும். பிறகுதான் காதுக்குப் பின்னாலும் நெற்றி மயிரோரத்திலும் தடிப்பு தொடங்கி, முகம், மார்பு, கால் என்று இறங்கும். தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். வந்த பிறகும் 4 நாள் அங்கன்வாடிக்கு அனுப்பாதீர்கள். சின்னம்மையில் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சிரங்குக்குக் காய்ச்சல் கிடையாது, ராத்திரி அரிப்புதான். விரல் இடுக்கைப் பாருங்கள், வீட்டில் வேறு யார் சொறிகிறார்கள் என்றும் பாருங்கள்.

நம் பிள்ளைகள் மாநிறம், கறுப்பு. புத்தகப் படத்தில் உள்ள சிவப்பு அவர்கள்மேல் தெரியாது. கையால் தடவுங்கள். தட்டம்மைக்கு மணல்வாரி என்று பெயர் வைத்தவர்கள் தடவிப் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஒரு பாட்டி ஐந்து வயதுப் பேரனைக் கூட்டிவந்தார். "சூடுங்க டாக்டர், வேர்க்குரு பவுடர் போட்டும் போகல." காய்ச்சல் வந்து நாலாம் நாள். கணுக்காலில் கடுகைவிடச் சின்னப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரை அதன்மேல் வைத்து அழுத்தினேன். சாதாரணத் தடிப்பு அழுத்தினால் வெளுக்கும். இது வெளுக்கவில்லை. தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருந்தது. டெங்கு. அன்றே வார்டில் சேர்த்தோம். பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினான்.

காய்ச்சலோடு அழுத்தியும் வெளுக்காத புள்ளி இருந்தால், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். வெளுத்தாலும், பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கி வாருங்கள்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிய பிறகு கொண்டுவந்தால் அடியில் இருப்பது எங்களுக்குத் தெரியாது. பூசும் முன் பகல் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

இந்த டம்ளரைச் சுற்றி அனுப்புகிறேன். எவர்சில்வர் உதவாது, கண்ணாடி வழியாகத் தோல் தெரிய வேண்டும். உங்கள் கையில் இப்போது கொசு கடித்த தடிப்பு இருக்கும், அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள்.