அட்மிரல் மசேராவின் அரசியல்
(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, இந்த அரங்கை நமக்கு மனமுவந்து அளித்த மாவட்ட மைய நூலகர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத்தின் செயலாளர் தம்பி அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்திய சொற்களில் பாதிக்கு நான் தகுதியுடையவன் அல்லன். மீதிப் பாதி அவருடைய அன்பு. எனக்குப் பொன்னாடை அணிவிப்பதற்குப் பதிலாக நூலகத்திற்கு ஒரு நூல் வழங்குங்கள் என்று நான் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தும் இரண்டையும் செய்துவிட்ட செயலாளருக்கு நன்றி. இந்த அவையில் இந்தியக் கடற்படையில் பல ஆண்டுகள் பணியாற்றிய பெரியவர் ஒருவரும் இருக்கிறார் என்று இப்போதுதான் சொன்னார்கள். ஐயா, இன்று நான் ஒரு கடற்படை அதிகாரியைக் குறித்துக் கடுமையாகப் பேசப்போகிறேன்; அந்தக் கடுமை அவர் அணிந்திருந்த சீருடையின் மேல் அல்ல, அதை அணிந்துகொண்டு அவர் ஆடிய அரசியலின் மேல் என்பதை முதலிலேயே தங்களிடம் விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

அர்ஜென்டினாவின் அட்மிரல் எமிலியோ எடுவார்டோ மசேரா இன்றைய உரையின் பொருள். மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். அந்நாட்டுக் கடற்படை எப்படி அரசியலுக்குள் வந்தது என்பது ஒன்று. ராணுவ ஆட்சியில் பங்கு வகித்த ஒருவர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவராகத் தம்மை ஆக்கிக்கொள்ள என்னென்ன செய்தார் என்பது இரண்டு. சிலியுடனான பீகிள் கால்வாய்த் தகராறு பின்னால் பிரிட்டனுடனான மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுப் போருக்கு எப்படி வழி வகுத்தது என்பது மூன்று. என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பூசணிக்காய் வரும் என்பதை அறிவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்ற பழமொழியை இத்தனை பெரிய அளவில் செய்து பார்த்த அரசு வேறொன்று இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் கடற்படையைப் பார்ப்போம். அர்ஜென்டினாவில் தரைப்படைக்குள், அன்றைய அதிபர் ஹுவான் பெரோனை நேசித்தவர்களும் வெறுத்தவர்களும் கலந்தே இருந்தார்கள். கடற்படையோ ஏறத்தாழ முழுமையாக அவரை வெறுத்தது. 1955 ஜூன் 16 அன்று கடற்படை விமானங்கள் தலைநகர் பியூனஸ் அயர்ஸின் நடுவிலுள்ள மே சதுக்கத்தின் மேல் குண்டு வீசியதில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சொந்த நாட்டின் தலைநகரில், வேலை நாளொன்றில், நடந்துபோய்க்கொண்டிருந்த மக்கள் அவர்கள். அவ்வாண்டு செப்டம்பரில் பெரோன் வீழ்த்தப்பட்டபோது அட்மிரல் ஐசக் ரோஹாஸ் துணை அதிபரானார். ஆக, கடற்படைக்காரர் ஆட்சி நாற்காலியில் அமர்வது அந்நாட்டு மக்களுக்குப் புதிய காட்சி அல்ல. மசேரா அந்த மரபில் வளர்ந்தவர். ஆனால் அந்த மரபின் வெறுப்பை மட்டும் அவர் தம் வசதிக்கேற்ப மடித்து வைத்துக்கொண்டார்.

1925இல் எந்த்ரே ரீயோஸ் மாநிலத்தின் பரானா நகரில் பிறந்தவர் மசேரா. நாடு கடந்து வாழ்ந்த பெரோன் திரும்பி வந்து மீண்டும் அதிபரானபின், 1973 டிசம்பரில், தமக்கு மூத்த பல அட்மிரல்களைத் தாண்டிக் கடற்படைத் தலைவராக நியமிக்கப்பட்டார். நியமித்தவர் பெரோன். கடற்படை குண்டு வீசிக் கொல்லப் பார்த்த அதே பெரோன்தான் கடற்படையின் தலைவரைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். பெரோன் மறைந்தபின் அவருடைய மனைவி இசபெல் அதிபரானார். 1976 மார்ச் 24 அன்று அவருடைய ஆட்சியைக் கவிழ்த்த மூவரில் மசேரா ஒருவர். தரைப்படையின் விதேலாவும் விமானப்படையின் அகோஸ்தியும் மற்ற இருவர்.

இந்த மூவரும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று நான் சொல்வதை மேடை அலங்காரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமைச்சகங்கள், மாநில ஆளுநர் பதவிகள், தொலைக்காட்சி அலைவரிசைகள் வரை மூன்று படைகளுக்கும் சம பங்கு என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. ஆள்பலத்தில் தரைப்படையைவிட மிகச் சிறியதான கடற்படைக்கும் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது மசேராவின் சாமர்த்தியம். வெளியுறவு அமைச்சகம் கடற்படையின் கைக்கு வந்தது. அதிபர் பதவியில் விதேலா அமர்ந்தார். அந்தப் பதவி ஒரு நாள் தமக்கு வர வேண்டும் என்ற ஆசை மசேராவிடம் அன்றே இருந்தது.

அந்த ஆசைக்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய உரையின் நடு நரம்பு. பியூனஸ் அயர்ஸின் வடபகுதியில் லிபர்த்தாதோர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் கடற்படையின் இயந்திரவியல் பள்ளி இருந்தது. அந்நாட்டார் அதை எஸ்மா என்று சுருக்கி அழைப்பார்கள். அதிகாரிகள் தங்கும் விடுதியாக இருந்த கட்டடத்தை மசேராவின் ஆட்கள் ரகசியச் சிறையாக மாற்றினார்கள். ஆட்சிக்கு எதிரிகள் என்று கருதப்பட்ட சுமார் 5,000 பேர் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். உயிரோடு வெளியே வந்தவர்கள் சில நூறு பேர் மட்டுமே. மற்றவர்களில் பலரை மயக்க ஊசி போட்டு, விமானத்தில் ஏற்றி, உயிரோடு கடலில் வீசினார்கள். 1995இல் ஷிலிங்கோ என்ற கடற்படை அதிகாரியே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1978 ஜூன் 25 அன்று நெதர்லாந்தை 3–1 என்று வென்று அர்ஜென்டினா உலகக் கோப்பையைத் தூக்கிய மைதானம் அங்கிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது. கைதிகளுக்கு ஆரவாரம் கேட்டது.

அந்தச் சிறைக்குள், மேல்மாடியில், கண்ணாடித் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சில அறைகள் இருந்தன. மீன் தொட்டி என்று அதற்குப் பெயர். படித்த கைதிகளில் சிலரை, எழுத்தாளர்களை, பத்திரிகையாளர்களை, பல மொழி அறிந்தவர்களை அங்கே உட்காரவைத்து வேலை வாங்கினார்கள். வெளிநாட்டுச் செய்தித்தாள்களை மொழிபெயர்ப்பது, செய்திகளைச் சுருக்கித் தருவது, அட்மிரலின் அரசியல் முயற்சிக்கு வேண்டிய கட்டுரைகளையும் ஆய்வுக் குறிப்புகளையும் எழுதுவது ஆகியவை அந்த வேலைகள். ஒரு தலைவருக்காகத் தொண்டர்கள் சுவரொட்டி ஒட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். தாம் சித்திரவதை செய்த மனிதர்களைக் கொண்டே தம் அரசியல் அலுவலகத்தை நடத்திய ஒரு தலைவரை அர்ஜென்டினா பார்த்தது.

இங்கேதான் விக்தோர் பாஸ்தெராவின் கதையைச் சொல்ல வேண்டும். நேரத்தைப் பார்த்துத் தலைவர் அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பாஸ்தெரா ஓர் அச்சகத் தொழிலாளி. 1979 ஆகஸ்டில் அவரை, அவருடைய மனைவியை, பிறந்து இரண்டே மாதமான பெண் குழந்தையை, மூவரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனைவியும் குழந்தையும் பிறகு விடுவிக்கப்பட்டார்கள். பாஸ்தெரா உள்ளே கிடந்தார். கடுமையான சித்திரவதைக்குப் பின், அவருடைய கைத்தொழில் அறிந்து, எஸ்மாவுக்குள் இருந்த ஆவணக் கூடத்தில் அவரை வேலைக்கு வைத்தார்கள். அங்கே தயாரானவை போலிக் கடவுச்சீட்டுகள், போலி அடையாள அட்டைகள், போலிக் காவல்துறை அட்டைகள். கடத்தவும் கொல்லவும் போகிறவன் தன் சொந்தப் பெயரில் போக மாட்டான் அல்லவா? ஆகவே ஒவ்வோர் அதிகாரியும் பாஸ்தெராவின் முன் வந்து உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, படம் எடுத்துக்கொண்டு போனார். அட்டைகளுக்கு நான்கு பிரதிகள் வேண்டும். பாஸ்தெரா ஐந்து எடுத்தார்.

அந்த ஐந்தாவது பிரதியை எங்கே வைப்பது? சோதனை நடக்கும் இடம். காவலர்கள் அலமாரியைத் திறப்பார்கள், மேசையைக் கவிழ்ப்பார்கள். பாஸ்தெரா அதை ஒளிபட்டால் கெட்டுப்போகும் படத்தாள்கள் அடங்கிய பெட்டிக்குள், தாள்களுக்கு இடையில் செருகி வைத்தார். அந்தப் பெட்டியைத் திறந்தால் தாள்கள் அத்தனையும் பாழாகும் என்பதால் எந்தக் காவலரும் திறக்கவில்லை. திருடனின் பெட்டகத்திலேயே திருடனின் படத்தைப் பூட்டி வைத்த கெட்டிக்காரர் அவர்! பிறகு ஒரு நாள், எரிப்பதற்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பைக்குள் கைவிட்டபோது, கைதிகளைப் பிடித்து வந்ததும் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் கிடைத்தன. அவற்றையும் உடைக்குள் மறைத்துக்கொண்டார். காலப்போக்கில் அவரைக் கண்காணிப்போடு வீட்டுக்குப் போய்வர அனுமதித்தபோது, கொஞ்சம் கொஞ்சமாக அத்தனையையும் வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். சித்திரவதைக்குப் பின் வீங்கிய முகங்களோடு நிற்கும் அந்த மனிதர்களில் பலர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. அவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை என்று சாதித்த கடற்படையின் சொந்தக் கேமராவே அவர்களைப் படம் பிடித்திருந்தது. இப்போது சொல்லுங்கள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

மசேராவின் வெளியுலக அரசியலை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1978 செப்டம்பரில் படைத்தலைமையிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே அவருடைய எண்ணங்களைப் பரப்ப கோன்விக்சியோன் என்ற நாளிதழ் புறப்பட்டது. தாம் பங்கெடுத்த ஆட்சியின் பொருளாதார அமைச்சர் மார்த்தினெஸ் தே ஓஸைத் தாமே தாக்கிப் பேசி, ஏழைகளின் நண்பராகத் தோன்ற முயன்றார். பெரோனியவாதிகளின் வாக்குகளின் மேல் அவருக்குக் கண். அந்த இயக்கத்தின் இளைஞர்களைத்தான் எஸ்மாவில் அழித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் நாட்டின் பெயரைக் காப்பதற்கென்று பாரிஸில் தொடங்கிய பிரசார மையம் அவருடைய சொந்த விளம்பர நிலையமாகவே இயங்கியது. அதன் நடவடிக்கைகளை அறிந்திருந்த எலெனா ஓல்ம்பெர்க் என்ற தூதரக அதிகாரி 1978 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர் புரட்சிக்காரர் அல்லர். அதே அரசின் ஊழியர். 1981இல் இத்தாலியில் லிச்சோ ஜெல்லி நடத்திய பி-2 என்ற ரகசிய மன்றத்தின் உறுப்பினர் பட்டியல் காவல்துறையிடம் சிக்கியபோது அதிலும் மசேராவின் பெயர் இருந்தது. சமூக ஜனநாயகக் கட்சி என்று ஒரு கட்சியையும் கண்டார். மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1983 அக்டோபர் 30 அன்று நாடு வாக்களித்து ரவுல் அல்ஃபோன்சினைத் தேர்ந்தெடுப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, பெர்னாந்தோ பிராங்கா என்ற தொழிலதிபர் காணாமல் போன வழக்கில் மசேரா கைது செய்யப்பட்டிருந்தார். அதிபர் நாற்காலிக்குக் குறி வைத்தவரின் தேர்தல் அரசியல் அதோடு முடிந்தது.

1985 ஏப்ரலில் தொடங்கிய விசாரணையில் ராணுவ ஆட்சியின் ஒன்பது தலைவர்கள் பொது நீதிமன்றத்தின் முன் உட்காரவைக்கப்பட்டார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் பாஸ்தெரா ஐந்து மணி நேரத்திற்கும் மேலாகப் பேசினார். நீதிபதி ஐயா இருக்கும் அவையில் சாட்சியத்தின் பெருமையை நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். மசேரா எழுந்து, தாம் தற்காத்துக்கொள்ள வரவில்லை என்றும், நியாயமான போரில் வென்றவன் தன்னைத் தற்காத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றும் கூறினார். டிசம்பர் 9 அன்று விதேலாவுக்கும் அவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதிபர் கார்லோஸ் மெனெம் 1990 டிசம்பரில் இருவரையும் மன்னித்து விடுவித்தார். ஆனால் எஸ்மாவில் கர்ப்பிணிக் கைதிகள் பெற்ற குழந்தைகளைத் திருடிப் பிறருக்குக் கொடுத்த குற்றத்தை அந்த மன்னிப்பு எட்டவில்லை. 1998இல் மசேரா மீண்டும் கைதானார். 2002இல் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டதால் விசாரணைக்குத் தகுதியற்றவராகி, 2010 நவம்பர் 8 அன்று தலைநகரின் கடற்படை மருத்துவமனையில் இறந்தார்.

பீகிள் கால்வாயைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன்; செயலாளர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். அதை வேறொரு கூட்டத்திற்கு வைத்துக்கொள்வோம். எஞ்சிய நிமிடங்களை இதைவிட அவசரமான ஒன்றுக்குப் பயன்படுத்த விரும்புகிறேன்.

1983இல் ஆட்சியை ஒப்படைக்கும் முன் அந்த ராணுவம் இரண்டு காரியங்களைச் செய்தது. தமக்குத் தாமே பொது மன்னிப்பு வழங்கிக்கொள்ளும் சட்டம் ஒன்றை இயற்றியது. அடக்குமுறை குறித்த கோப்புகளை அழிக்க உத்தரவிட்டது. முதல் காரியத்தை அல்ஃபோன்சினின் ஆட்சி வந்த சில நாட்களில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இரண்டாவதை யாராலும் நீக்க முடியவில்லை. எரிந்த கோப்பை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. 1984இல் விசாரணை ஆணையம், அந்த ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட 8,961 பேரின் பெயர்களைத் திரட்டியது. மனித உரிமை அமைப்புகள் 30,000 பேர் என்கின்றன. இந்த இரு எண்களுக்கும் நடுவில் இருக்கும் மனிதர்களின் கணக்கு அந்த எரிந்த கோப்புகளோடுதான் போயிற்று.

இதனால்தான் நானும் நண்பர்களும் சில காலமாக ஒரு கையெழுத்து இயக்கம் நடத்திவருகிறோம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, எளிதில் எடுக்கும்படி வரிசைப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது. காலம் கடந்தவை என்று சொல்லிக் கோப்புகளை அழிக்குமுன் அந்தக் கோப்புகளின் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. இது அர்ஜென்டினா அல்ல, இங்கே எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நில ஆவணம் காணவில்லை என்ற ஒற்றை வரிப் பதிலோடு அலுவலகப் படியிறங்கி வந்த விவசாயிகள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள் என்றேன். பாஸ்தெராவைப் போல உயிரைப் பணயம் வைத்து ஒருவர் ஐந்தாவது பிரதி எடுக்கும் வரை காத்திருக்கும் நிலை எந்த ஊருக்கும் வேண்டாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான்; பூசணிக்காயை எரித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது என் கேள்வி.

கையெழுத்துத் தாள்கள் வாயிலின் அருகே, நூலகத்தின் உறுப்பினர் பதிவேட்டுக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதுங்கள். வெறும் ஒப்பம் மட்டும் இருந்தால் அலுவலகத்தில் ஏற்க மறுக்கிறார்கள். மாணவர்கள் பதினெட்டு வயது நிரம்பியவர்களாக இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். கல்லூரி முதல்வர் அம்மா அவர்கள் முதல் கையெழுத்தைப் போட இசைந்திருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு அறிவித்து, வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.