உங்களுக்கு ஊரே வேண்டாம், 20 கார் போதும்

எல்லாருக்கும் வணக்கம். என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சின்னதாக டீட்டெய்லிங் கடை, அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றுகிற கடை, வைத்திருக்கிறவர்கள் வருவார்கள், எதில் விளம்பரம் போட்டால் கார் வரும் என்று சொல்லுங்கள்" என்றார்கள். சரி, சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. நம்மில் நிறைய பேர் அதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. உங்களால் ஒரு மாதத்தில் எத்தனை கார் செய்ய முடியும்?

உள்ளேயும் வெளியேயும் ஒழுங்காகச் செய்தால் ஒரு காருக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பெயிண்டின் மேல் பாதுகாப்புக்குப் போடுகிற செராமிக் கோட்டிங் என்றால் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்க களிமண் மாதிரியான க்ளே தேய்த்து, பாலிஷ் ஓட்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கோட்டிங் போட்டு, அது இறுகும் வரை தண்ணீர் படாமல் நிறுத்தி வைத்து, எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகும். நீங்களும் ஒரு உதவியாளும்தான் என்றால் மாதம் 20 கார், மிஞ்சிப்போனால் 25. அவ்வளவுதான் உங்கள் தேவை. சோப்பு விற்கிறவனுக்கு ஊரே வாடிக்கையாளராக வேண்டும், நமக்கு 20 பேர் போதும். இந்த எண் மனதில் நின்றுவிட்டால் ரேடியோ, பெரிய பேனர், பத்திரிகையில் கால் பக்கம் எல்லாம் தானாகவே கழன்றுவிடும். அதெல்லாம் லட்சம் பேருக்குச் சொல்வதற்கானவை, அந்த லட்சத்தில் கார் இல்லாதவர், ஊரின் அந்தக் கோடியில் இருப்பவர் என்று உங்களிடம் வரவே வராதவர்களுக்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

அப்புறம், அந்த 20 பேர் யார்? எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. பின் சீட்டில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது, இரண்டு நாளாக நாற்றம் தாங்கவில்லை. இவர் அந்த நிமிஷமே போனை எடுத்துத் தேடுவார், முதலில் போனை எடுத்துப் பேசுகிற கடைக்குப் போவார். புதுக் கார் வாங்கியவர் அப்படி இல்லை, அவருக்கு அவசரமே கிடையாது, கோட்டிங் போடலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் விசாரிப்பார், பத்து வீடியோ பார்ப்பார், தெரிந்தவரிடம் கேட்பார். பழைய காரை விற்கப் போகிறவருக்கு நாலு நாளில் கார் பளபளவென்று இருந்தால் போதும், ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கும் என்ற கவலை இல்லை. மூன்று பேருக்கும் ஒரே விளம்பரத்தைக் காட்டினால் ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்கள். உங்கள் கைக்கு எந்த வேலை நன்றாக வருகிறது, எதில் நாலு காசு நிற்கிறது என்று பார்த்து, முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் எங்கே தேடுகிறாரோ அங்கே போய் நில்லுங்கள்.

அவசரக்காரரைப் பிடிக்க கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பக்கம் சரியாக இருக்க வேண்டும். அதற்குக் காசே கிடையாது, ஆனால் பாதிக் கடைகளில் வேலை நேரம் தப்பாக இருக்கும், போட்டோ இரண்டு வருடம் பழையதாக இருக்கும். பக்கத்துக் கடைகளைக் காட்டும்போது மூன்று விஷயம் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்ற கடை. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது, மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கிறது. என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். சீட் ஷாம்பு, மஞ்சளான ஹெட்லைட் சுத்தம், இன்ஜின் பே, அதாவது பானட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கிற பகுதி, சுத்தம் என்று தனித்தனியாக. வீட்டுக்கே போய்ச் செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள் என்பதை மட்டும் காட்டலாம். கடைப் பெயரோடு 'சிறந்த கார் வாஷ்' என்று ஒட்ட வைக்காதீர்கள், அது அவர்கள் விதிக்கு எதிரானது, பக்கத்தையே முடக்கிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ரிவ்யூ கேட்பதற்கும் நேரம் உண்டு. சாவியைக் கையில் கொடுத்து, அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, "அட, இது என் வண்டியா!" என்கிறாரே, அந்த இடத்தில் கேளுங்கள். நாளைக்கு மெசேஜ் அனுப்பினால் மறந்திருப்பார். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை கூகுள் அனுமதிப்பதில்லை, படிக்கிறவர்களும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காசு கொடுத்துத் தேடல் விளம்பரம் போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, எந்தெந்தச் சொல்லுக்கு விளம்பரம் வரக்கூடாது என்பதையும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். டீட்டெய்லிங் வேலை வாய்ப்பு, டீட்டெய்லிங் பயிற்சி, பாலிஷ் மெஷின் விலை, வீட்டிலேயே கார் கழுவுவது எப்படி என்று தேடுகிறவர்களும் உங்கள் விளம்பரத்தைத் தட்டுவார்கள், ஒவ்வொரு தட்டுக்கும் காசு போகும். இரண்டாவது, நீங்கள் போனை எடுக்க முடிகிற நேரத்தில் மட்டும் விளம்பரம் ஓடட்டும். கையில் பாலிஷர் ஓடும்போது போன் அடித்தால் காதில் விழாது, அந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இப்போது நான் அதிகம் நம்புகிற விஷயத்துக்கு வருகிறேன், போட்டோ. புதுக் கார்க்காரர் ஒரு மாதம் விசாரிக்கிறார் என்றேனே, அவரை அசைப்பது அது ஒன்றுதான். ஆனால் நாம் போடுகிற போட்டோ என்ன? கழுவிய கார், வெயிலில், தூரத்திலிருந்து. அதைப் பார்த்தால் கழுவிய கார் மாதிரிதான் இருக்கும், நம் வேலை அதில் தெரியாது. இப்படிச் செய்து பாருங்கள். கறுப்புக் காராக இருந்தால் இன்னும் நல்லது. பானட்டின் நடுவில் நீளமாக ஒரு டேப் ஒட்டுங்கள். ஒரு பாதியை மட்டும் பாலிஷ் செய்யுங்கள். டேப்பை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டின் மேல் ஒரு விளக்கைப் பிடியுங்கள். இந்தப் பக்கம் வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரியும், அந்தப் பக்கம் விளக்கு மட்டும் தெரியும், கண்ணாடியில் தெரிவது போல. பார்க்கிறவருக்கு உடனே தோன்றுவது 'என் கார் எந்தப் பக்கம் மாதிரி இருக்கிறது?' என்பதுதான். போனில் உள்ள ஃபில்டர் எதையும் போடாதீர்கள், முன்பும் பின்பும் அதே கோணம், அதே வெளிச்சம். வெளிச்சத்தை மாற்றி ஏமாற்றினால் நம் தொழில் தெரிந்தவன் மட்டுமல்ல, நேரில் வந்து காரைப் பார்க்கிறவரும் கண்டுபிடித்துவிடுவார். நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள், போடுவதற்கு முன் கார்க்காரரிடம் கேளுங்கள்.

வீடியோ போடலாம், தாராளமாக. வீலில் இரும்புத் துகள் நீக்கியை அடித்ததும், பிரேக் தூசியில் உள்ள இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழிகிறதே, அதை யாரும் பாதியில் விட மாட்டார்கள். ஆனால் பத்தாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படும்போது, அதில் உங்கள் கடைக்கு வரக்கூடிய தூரத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். ஃபேஸ்புக்கில் காசு போடுவதாக இருந்தால் கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

துண்டுச்சீட்டு நோட்டீஸ் கொடுக்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நான் தொழில் தொடங்கிய காலத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த கார்களின் வைப்பருக்குக் கீழே நோட்டீஸ் செருகிக்கொண்டே போனேன். அன்று ராத்திரி மழை. மறுநாள் ஒருவர் போன் செய்தார், வேலை கொடுக்க இல்லை. காகிதம் ஊறிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டது, தெரியாமல் வைப்பரைப் போட்டதும் கூழாகி முழுக்கப் பூசிக்கொண்டது. அவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை. தூசியோடு இருக்கிற வைப்பரை ஓட்டினாலே கண்ணாடிக்கு நல்லதில்லை என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிற தொழில் இது, அதைச் செய்கிறவன் அடுத்தவர் காரைக் கேட்காமல் தொடக்கூடாது. அதற்குப் பிறகு நான் அதைச் செய்யவில்லை. அதே காசுக்கு, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அனுமதி வாங்கி, அங்கேயே ஒருவரின் காரை நாலு பேர் கண்ணெதிரே செய்து கொடுங்கள், போகிற வருகிறவர்கள் தாமாக வந்து விலை கேட்பார்கள். பழைய கார் விற்பவர், டிங்கரிங் பட்டறை, டயர் கடை இவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள், ஆனால் வார நடுவில் கடை காலியாகக் கிடக்கிற நாட்களை அவர்கள் நிரப்புவார்கள்.

எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு, ஒரு வழியில் 1000 செலவு, 40 பேர் விசாரித்தார்கள், 8 கார் வந்தது, காருக்கு 125. இன்னொரு வழியில் 600 செலவு, 6 பேர்தான் விசாரித்தார்கள், 5 கார் வந்தது, காருக்கு 120. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் நோட்டைப் புரட்டினால், முதல் எட்டும் தள்ளுபடிக்கு வந்த வெறும் வாஷ், ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. இரண்டாவது ஐந்தில் மூன்று பேர் மறுபடி வந்திருக்கிறார்கள், ஒருவர் தம்பியின் காரையும் அனுப்பியிருக்கிறார். இதைப் பார்க்காமல் 40 பேர் விசாரித்தார்கள் என்று முதல் வழியிலேயே மேலும் காசைக் கொட்டுகிறோம். பாதி விலை ஆஃபரை நான் விரும்பாததும் இதனால்தான், விலைக்காக வந்தவர் இன்னும் குறைந்த விலைக்குப் போய்விடுவார்.

விளம்பரத்தில் எழுதுகிற வார்த்தையிலும் கவனம் வேண்டும். செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று எழுதுகிறார்கள். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும், பறவை எச்சம் போன்றவற்றைத் துடைக்க நேரம் கிடைக்கும், இதெல்லாம் உண்மை. கல் தெறித்தால் பெயிண்ட் போகும், ஆழமான கீறல் விழத்தான் விழும். இல்லாததைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவர் ஆறு மாதத்தில் கடை வாசலில் வந்து நிற்பார். அவர் போகிற இடமெல்லாம் சொல்வதை எந்த விளம்பரத்தாலும் அழிக்க முடியாது.

உள்ளே வரும்போது ஒரு தம்பி கேட்டார், "அண்ணே, இந்த மாதம் விளம்பரத்துக்குக் கொஞ்சம்தான் காசு இருக்கு, எதில் போடட்டும்?" நல்ல வெளிச்சம் தருகிற ஒரு இன்ஸ்பெக்‌ஷன் லைட் வாங்குங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த விளக்கில்தான் பாலிஷ் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அதே விளக்கில்தான் பானட்டின் இரண்டு பாதியையும் போட்டோ எடுக்கப்போகிறீர்கள், காரை எடுக்க வருகிறவர் கையில் அந்த விளக்கையே கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தள்ளி நிற்கலாம்.