கடலைப் பார்த்துக்கொண்டே கதை எழுத முடியுமா?

[திரையில்: பேருந்து ஜன்னல் வழியாகப் பாம்பன் பாலம், கீழே கடல்]

வணக்கம். எழுதுகிறவர்கள் பலருக்கும் ஒரு ஆசை இருக்கும். கடற்கரையில் அறை எடுத்து, ஜன்னலோரம் மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் எழுத்து தானாக வந்துவிடும் என்று. ராமநாதபுரம் கரையில் இருந்துகொண்டு சொல்கிறேன், வராது. தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனையில் நோட்டைத் திறந்து பாருங்கள், காற்று தாளைப் புரட்டிக்கொண்டே இருக்கும், வெயிலில் போன் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். அதையெல்லாம் சமாளித்து எழுதினாலும் முதல் வரி 1964 புயல், இடிந்த தேவாலயம் என்றுதான் ஆரம்பிக்கும், ஏனென்றால் அங்கே வருகிற எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான்.

அப்புறம் எங்கேதான் எழுதுவது? விஷயம் கிடைக்கிற இடம் வேறு, அதை வாக்கியமாக்குகிற இடம் வேறு. இரண்டையும் ஒரே இடத்தில் தேடுவதால்தான் பாதிப் பேர் தவிக்கிறார்கள்.

[திரையில்: நடந்துபோகும் கால்கள், பின்னால் வெள்ளைச் சுவர்]

இதற்கு ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. 2014-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரிலி ஓப்பெசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் ஆட்களை உட்கார வைத்தும் நடக்க வைத்தும் யோசிக்கச் சொன்னார்கள். நடக்கும்போது புதுப்புது யோசனைகள் அதிகம் வந்தன, வெறும் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் கூட. அதாவது அழகான காட்சி கட்டாயமில்லை. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைப் பிடிக்க வேண்டிய வேலையில் நடை கைகொடுக்கவில்லை, கொஞ்சம் சறுக்கவே செய்தது. ஒரு வரியில் சரியான சொல்லைத் தேடுவது இந்த இரண்டாவது வகை வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கு உட்கார வேண்டும்.

சரி, விஷயம் எங்கே கிடைக்கும்? என்னைக் கேட்டால் மீன் ஏலம் நடக்கிற இடம். விடிகாலையில் போங்கள், கூட்டம் முழுவதையும் பார்க்க முயலாதீர்கள், ஒரே ஒரு ஆளைப் பாருங்கள். ஒரு அக்கா நண்டுக் கூடையை ஏலத்தில் எடுத்திருப்பார். அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, ஒரு கையை அதிலிருந்து எடுக்காமலே, அடுத்த கூடைக்கு ஓடுகிற விலைக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். கணவாய்க்கு விலை ஏறினால் உதடு லேசாகப் பிதுங்கும், அவ்வளவுதான், வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். பிறகு சுருக்குப்பையைத் திறந்து, ஒட்டிக்கொண்ட ஈர நோட்டுகளைச் சேலையில் தேய்த்துப் பிரித்து எண்ணுவார். அந்தக் கையையும் உதட்டையும் அப்படியே எழுதினால் போதும், அவருக்குக் கடன் இருக்கிறதா, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்ற கேள்வியெல்லாம் வாசிக்கிறவருக்குத் தானாக வரும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழியும் இல்லை. நற்றிணை 45-ஆம் பாட்டில், தேரோடு வந்த பணக்காரப் பையனிடம் பரதவர் வீட்டுத் தோழி சொல்கிறாள், நாங்கள் சுறாத் துண்டங்களைக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிறவர்கள், எங்கள் மேல் மீன் நாற்றம் அடிக்கும், தள்ளி நில் என்று. கருவாடு காய்கிற இடத்தின் நாற்றத்தை வைத்தே காதலையும் தன்மானத்தையும் சொல்லிவிட்டார் அந்தப் புலவர். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு இது.

பாம்பன் பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள், ராமநாதபுரம் பேருந்தின் கடைசி இருக்கைப் பேச்சு, டீக்கடை, எல்லாமே இப்படிப்பட்ட இடங்கள்தான். ஒன்று மட்டும், கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

[திரையில்: சுவர் ஓரம் ஒரு மேசை, ஒரு விளக்கு]

எழுத உட்காரும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். தனி அறை இல்லாதவர்கள்தான் நம்மில் அதிகம். சாப்பாட்டுக் கடை முடிந்த பிறகு அடுப்படி, கிளை நூலகத்தின் மூலை, திண்ணை, எதுவானாலும் சரி, தினமும் அதே இடம், அதே நேரம். பார்த்த அன்றைக்கே எழுதுவது நல்லது, அன்று முடியாவிட்டால் திரும்பி வரும் வழியில் போனில் பேசிப் பதிந்துகொள்ளுங்கள். கேட்ட பேச்சு கேட்டபடியே மறுநாள் வரை நிற்காது, நம் சொற்கள் அதில் கலந்துவிடும்.

கடைசியாக ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏல இரைச்சல் குறைந்திருக்கும், ஆனால் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கிறவர்களும் வலையைச் சரிபார்க்கிறவர்களும் அங்கேதான் இருப்பார்கள். மற்ற மாதங்களில் பேச நேரமில்லாதவர்கள், அப்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுவார்கள்.