பெயர் ஒன்று, ஆள் வேறு: சிறிய அளவில் பின்னணிச் சரிபார்ப்புத் தொழில் நடத்துவது எப்படி?

(திரையில்: கார் விற்பனையகத்தின் மேசை. கையெழுத்துக்காகக் காத்திருக்கும் தாள்கள்.)

2011 பிப்ரவரி. கலிஃபோர்னியாவில் ஒருவர் மனைவியையும் மாமனாரையும் அழைத்துக்கொண்டு கார் வாங்கப் போனார். விலை பேசி முடித்தாயிற்று. கடன் தகுதியைப் பார்க்க விற்பனையாளர் ஓர் அறிக்கை வரவழைத்தார். பயங்கரவாதிகளும் போதைப்பொருள் கடத்துவோரும் அடங்கிய அரசுத் தடைப்பட்டியலில் உள்ள பெயரோடு இவர் பெயர் பொருந்தக்கூடும் என்று அதில் ஒரு வரி இருந்தது. விற்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் மனைவியின் பெயரில் கார் வாங்க வேண்டியதாயிற்று.

அந்த மனிதருக்கும் அந்தப் பட்டியலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அறிக்கை கொடுத்த டிரான்ஸ்யூனியன் நிறுவனம் முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் மட்டும் ஒப்பிட்டிருந்தது. பிறந்த தேதியை ஒப்பிட்டிருந்தால் அந்த வரி வந்திருக்காது. இப்படிக் குறிக்கப்பட்ட 8,185 பேருக்காக நடந்த வழக்கு, 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

அமெரிக்காவில் ஒருவரோ இருவரோ சேர்ந்து பின்னணிச் சரிபார்ப்புத் தொழில், அதாவது ஒருவரைப் பற்றிய பழைய பதிவுகளைத் தேடி அறிக்கை தரும் தொழில், நடத்துவதைப் பற்றித்தான் இன்று பார்க்கப்போகிறோம். நான் ஏன் இந்தக் கார் விவகாரத்தை முதலில் சொன்னேன்? தகவலைத் தேடி எடுப்பது இன்று எவருக்கும் எளிது. எடுத்த தகவல் இந்த ஆளுடையதுதானா என்று உறுதி செய்வதற்குத்தான் உங்களிடம் வாடிக்கையாளர் வருகிறார். மற்ற வேலைகள் எல்லாம் இதைச் சுற்றி வருபவை.

(திரையில்: சட்டப் புத்தகத்தின் பக்கம் புரள்கிறது.)

முதலில் சட்டம். வேலைக்கு ஆள் எடுக்க, வீடு வாடகைக்கு விட, கடனோ காப்பீடோ கொடுக்க உங்கள் அறிக்கை பயன்படுமானால், 1970-ஆம் ஆண்டின் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் உங்களையும் கட்டுப்படுத்தும். "நான் வெறும் தகவல் தரகர்தான்" என்று இணையதளத்தின் அடியில் ஒரு வரி எழுதிவைத்துத் தப்பிக்க முடியாது. குற்றப்பதிவு தேடும் கைபேசிச் செயலிகளை 99 சென்ட்டுக்கு விற்ற ஒரு நிறுவனம் அப்படித்தான் எழுதி வைத்திருந்தது. ஆனால் அதன் விளம்பரமோ, வேலைக்கு ஆள் எடுக்கும்போது இதைப் பயன்படுத்துங்கள் என்றது. 2013-இல் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது.

இந்தச் சட்டத்தின்படி, வேலைக்காகச் சரிபார்க்கும்போது விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தனித்தாளில் தெரிவித்து, எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும். பெறுவது முதலாளியின் பொறுப்பு. பெற்றதாக அவரிடம் உறுதிமொழி வாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு. அந்த உறுதிமொழி கையில் வராமல் தேடலைத் தொடங்காதீர்கள்.

அடுத்து, வாடிக்கையாளரையே சரிபார்க்க வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். முதல் ஆறு மாதம் வருமானம் குறைவாக இருக்கும். பணம் கட்டத் தயாராக ஒருவர் வந்தால் கேள்வி கேட்க மனம் வராது. தனி மனிதர்களின் தகவல்களைத் திரட்டி விற்ற சாய்ஸ்பாயின்ட் எவ்வளவு பெரிய நிறுவனம்! அதனிடமே சிறு வணிகர்கள் என்று பொய் சொல்லிக் கணக்குத் தொடங்கிய மோசடிக்காரர்கள் 1,63,000-க்கும் மேற்பட்டோரின் தகவல்களை வாங்கிச் சென்றார்கள். அலுவலக முகவரி என்று கொடுத்தது வாடகைத் தபால் பெட்டி. விண்ணப்பங்கள் யாரும் பயன்படுத்தக்கூடிய பொது ஃபேக்ஸ் கடைகளிலிருந்து வந்தன. யாரும் நின்று பார்க்கவில்லை. 2006-இல் அந்த நிறுவனம் 1 கோடி டாலர் அபராதமும், பாதிக்கப்பட்டவர்களுக்காக 50 லட்சம் டாலரும் கட்ட ஒப்புக்கொண்டது. வணிக உரிமத்தைப் பாருங்கள். அவர்கள் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடிக் கண்டுபிடித்த எண்ணில் அழைத்துப் பேசுங்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பதை எழுதி வாங்குங்கள்.

ஒரு தனி மனிதர் வந்து "இந்தப் பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டால்?

(சிறிது நேரம் ஒலி இல்லாமல்.)

1999-இல் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவன் இணையத் தகவல் தரகரிடம் ஓர் இளம்பெண்ணின் சமூகப் பாதுகாப்பு எண்ணை (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) 45 டாலருக்கு வாங்கினான். வேலையிடத்தின் முகவரியை 109 டாலருக்கு வாங்கினான். அந்த முகவரிக்காகத் தரகரின் ஆள் பொய்க்காரணம் சொல்லி அந்தப் பெண்ணுக்கே தொலைபேசி செய்து விவரம் கேட்டிருந்தார். அவள் வேலை முடிந்து வெளியே வந்தபோது அவன் சுட்டுக் கொன்றான். தகவலை விற்பவருக்கு, அந்தத் தகவலுக்கு உரியவருக்குத் தீங்கு நேராமல் கவனமாக இருக்கும் கடமையும் உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. வேலையிடமும் வீட்டு முகவரியும் கேட்டு வரும் தனி நபர் வேலைகளை அடியோடு விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்த வருமானம் இல்லாமல் தொழில் நடக்கும். பொய்க்காரணம் சொல்லி வங்கிக் கணக்கு விவரம் பெறுவது 1999-இலிருந்தும், தொலைபேசி அழைப்புப் பதிவுகள் பெறுவது 2007-இலிருந்தும் கூட்டாட்சிக் குற்றங்கள்.

(திரையில்: கவுன்டி நீதிமன்றத்தின் பதிவறை.)

இப்போது தேடல். நாடு முழுவதற்குமான குற்றப்பதிவு என்று விளம்பரத்தில் பார்ப்பீர்கள். தனியாருக்குத் திறந்திருக்கும் அப்படி ஒரே முழுமையான பதிவேடு கிடையாது. எஃப்.பி.ஐ. வைத்திருப்பது காவல் துறையினருக்கானது. தனியார் விற்பது பல நீதிமன்றங்களிலும் சிறைத்துறைகளிலும் திரட்டிய தரவு. சில கவுன்டிகள் (மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பகுதிகள்) அதில் இருக்கவே இருக்காது. சிலவற்றின் தரவு பல மாதம் பழையது. தள்ளுபடியான வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டும். நீதிபதி அழிக்கச் சொன்ன பதிவும் அங்கே உயிரோடு இருக்கும். எங்கே போய்த் தேட வேண்டும் என்று காட்டும் கைகாட்டியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அதில் வந்த வரியை அப்படியே அறிக்கையில் ஒட்டாதீர்கள்.

நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் இருக்கின்றன. விண்ணப்பதாரர் எங்கெங்கே வசித்தார் என்பதை முகவரி வரலாற்றிலிருந்து எடுத்து, அந்தக் கவுன்டிகளின் நீதிமன்றங்களில் தேட வேண்டும். பல இடங்களில் இணையத்திலேயே பார்க்கலாம். மற்ற இடங்களுக்கு நேரில் போய்ப் பதிவைப் பார்த்துச் சொல்லும் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தலாம். கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு பேசர் என்ற தளம் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மலிவுதான். ஆனால் அங்கே பெரும்பாலும் முழுப் பிறந்த தேதி இருக்காது. நியூயார்க் மாநில நீதிமன்ற நிர்வாகம் ஒரு தேடலுக்கு வாங்கும் கட்டணம் 2019-இல் 95 டாலராக உயர்ந்தது. இத்தகைய நீதிமன்றக் கட்டணங்களைத் தனி வரியாகக் காட்டி வாடிக்கையாளரிடம் வாங்கிவிடுங்கள். உங்கள் கூலியோடு கலந்தால் மாதக் கடைசியில் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

பெயர் பொருந்துகிறது. இனி என்ன செய்வது? இன்னோர் அடையாளம் வேண்டும். பிறந்த தேதி, நடுப்பெயர், அந்தக் காலத்து முகவரி, ஓட்டுநர் உரிம எண் ஆகியவற்றில் குறைந்தது ஒன்றாவது வழக்குக் கோப்பிலேயே இருந்து பொருந்த வேண்டும். இது வரவர கடினமாகிக்கொண்டிருக்கிறது. பிறந்த தேதியைக் கொண்டு நீதிமன்றத்தின் இணைய வழக்குப் பட்டியலில் தேட அனுமதிக்கக் கூடாது என்று 2021-இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதன் பின் அங்கே நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டுக் கோப்பையே வரவழைக்க வேண்டிய நிலை பலமுறை வருகிறது. நாள் கூடும். "நேற்றே வேண்டும்" என்று வாடிக்கையாளர் நச்சரிப்பார். இன்னும் உறுதியாகவில்லை என்று எழுதி அனுப்புங்கள். வேறோர் அடையாளத்தோடு பொருந்தாத பதிவு அறிக்கையில் ஏறக் கூடாது. "ஒருவேளை இவராக இருக்கலாம்" என்று ஏற்றவும் கூடாது. அந்த ஒருவேளையைப் படித்த மேலாளர் அடுத்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்துவிடுவார்.

சரியான ஆளுடையது என்றாலும் எல்லாவற்றையும் எழுத முடியாது. தண்டனையில் முடியாத கைது ஏழு ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் பொதுவாக எழுதக் கூடாது. ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள வேலைகளுக்கு விலக்கு உண்டு. தண்டனைக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் கால வரம்பு இல்லை. ஆனால் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அதற்கும் வரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே நீங்கள் வேலை எடுக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் தனியே படித்தாக வேண்டும். தனியார் துப்பறிவாளர் உரிமம் தேவைப்படும் மாநிலங்களும் உண்டு. தொழில் பிழைக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அறிக்கைகளைக் குப்பையில் போடாமல் துண்டாக்கி அழியுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் அந்தத் தொலைபேசி வரும். "உங்கள் அறிக்கையில் இருப்பது நான் இல்லை" என்பார் ஒருவர். குரல் உயர்ந்திருக்கலாம். வேலை போகும் பதற்றத்தில் இருப்பவர் அவர். மறுவிசாரணைக்குச் சட்டம் 30 நாள் தருகிறது, கட்டணம் வாங்கக் கூடாது. 30 நாளும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்கான இடம் அதுவரை காலியாக இருக்காது. அன்றைக்கே கோப்பைத் திறந்து, எந்த அடையாளத்தை வைத்து இவர்தான் என்று முடிவு செய்தீர்கள் என்று பாருங்கள். நீதிமன்றத்துக்கு மறுபடி ஆள் அனுப்புங்கள். பிழை உங்களுடையது என்றால் அந்தப் பதிவை நீக்கி, திருத்திய அறிக்கையை முதலாளிக்கு அனுப்பிவிட்டு, அது கிடைத்ததா என்று தொலைபேசியில் கேளுங்கள். பிறகு அந்த விண்ணப்பதாரரையும் அழைத்து, அனுப்பிவிட்டோம் என்று சொல்லுங்கள்.